மழை அளவுக்குக் கீழே கடலின் சூட்டையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கூடலூரில் மீன் கடை வைத்திருப்பவன். காலையில் பெட்டி இறக்கி, ஐஸ் உடைத்துப் போட்டு, முதல் கூட்டம் ஓய்ந்ததும் உங்கள் நாளிதழைப் பிரிப்பேன். முதலில் பார்ப்பது எங்கள் மாவட்ட மழை அளவு. தேவாலா எவ்வளவு, பந்தலூர் எவ்வளவு, நடுவட்டம், அவலாஞ்சி எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற செய்திக்குப் போவேன். அந்த மழை அளவுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். அரபிக்கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் இந்த வாரம் மேல்தண்ணீரின் வெப்பம் எத்தனை டிகிரி, கடல் எந்தப் பக்கம் பச்சை பிடித்திருக்கிறது என்ற இரண்டு வரி.

மலை மேல் இருப்பவனுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். திமிங்கலத்துக்காகக் கேட்கிறேன்.

நம் நாளிதழ்களில் திமிங்கலம் பெரும்பாலும் இரண்டு சமயத்தில்தான் செய்தியாகிறது. செத்துக் கரை ஒதுங்கும்போது, அப்புறம் அம்பர்கிரீஸ் என்ற, ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் வாசனைப் பொருளை விற்க முயன்றவர்கள் பிடிபடும்போது. கரை ஒதுங்கிய செய்தி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். நீளம் இத்தனை அடி, எடை இத்தனை டன், பார்க்கக் கூட்டம் திரண்டது, பொக்லைன் வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கூடவே, 'வழி தவறி வந்திருக்கலாம் எனக் கூறப்படுகிறது' என்று ஒரு வரி. சில சமயம் படத்தில் இருப்பது திமிங்கலமாகவே இருக்காது, திமிங்கலச் சுறாவாக இருக்கும். வால் செங்குத்தாக நின்றால் அது மீன். கிடைமட்டமாகப் படுத்திருந்தால்தான் திமிங்கலம். என் கடையில் மீன் வெட்டும் பையன் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவான்.

படத்தை விடவும் அந்த 'வழி தவறி' என்ற வரிதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதைப் படிக்கிறவர், திமிங்கலத்துக்கும் நம் கடலுக்கும் சம்பந்தமில்லை, எங்கோ துருவத்தில் இருக்க வேண்டியது தெரியாமல் இங்கே வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். அப்படி இல்லை. நீலத்திமிங்கலம், பிரைட்ஸ் திமிங்கலம், ஸ்பெர்ம் திமிங்கலம், கூனல் திமிங்கலம் எல்லாமே இந்தியாவைச் சுற்றியுள்ள கடலில் வாழ்பவை. அவை இருக்கும் இடத்துக்குக் காரணம் இருக்கிறது. காற்று, நீரோட்டம், தண்ணீரின் சூடு, கடலடித் தரையின் சரிவு எல்லாம் சேர்ந்து இரையை எங்கே திரட்டுகிறதோ அங்கே அவை இருக்கின்றன. யானை கோடையில் முதுமலைப் பக்கம் காய்ந்ததும் கபினி அணையோரம் போய்க் கூடுவதை எங்கள் ஊரில் யாரும் வழி தவறியது என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீரும் பச்சைப் புல்லும் அங்கே இருக்கிறது, அதனால் போகிறது.

இதில் முதல் காரணமான காற்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்த காற்று. ஜூன் மாதம் கூடலூரில் கதவைச் சாத்த விடாமல் அடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் அது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியதும் இந்தக் காற்றின் ஈரம்தான். நம்மிடம் வருவதற்கு முன்னால் அது ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டு வருகிறது. சோமாலியா கரையையும் ஓமன் கரையையும் ஒட்டியே, கரைக்கு இணையாக, வாரக்கணக்கில் ஓயாமல் வீசுகிறது. அப்படி வீசும்போது மேல்தண்ணீர் காற்று போகும் திசையிலேயே நேராகப் போவதில்லை. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் அது காற்றுக்கு வலப்பக்கமாக ஒதுங்குகிறது. அந்தக் கரைகளில் வலப்பக்கம் என்றால் நடுக்கடல். மேல்தண்ணீர் கரையை விட்டு விலகியதும், காலியான இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வருகிறது. சுட்டெரிக்கும் பாலைவனத்தை ஒட்டிய சோமாலியா கரையில் ஆடி மாதம் கடல்நீர் 20 டிகிரிக்கும் கீழே போவது இதனால்தான்.

குளிர்ந்த தண்ணீர் சும்மா வருவதில்லை. மேலே செத்த உயிர்களெல்லாம் மூழ்கி மட்கிச் சேர்ந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆழத்தில்தான் கிடக்கின்றன. தேயிலைக்கு நாம் மூட்டை மூட்டையாகப் போடுகிற அதே சத்துகள். வெப்பமண்டலக் கடலில் வெயில் நிறைய இருக்கிறது, ஆனால் மேல்தண்ணீர் சூடாகி லேசாகிவிடுவதால் கீழே இருக்கும் சத்து மேலே கலக்க வழியில்லை. கண்ணாடி மாதிரித் தெளிந்த நீலக் கடல் என்று நாம் ரசிப்பது பெரும்பாலும் பசிக் கடல். காற்று வந்து அடியிலிருந்து தூக்கிவிட்டால்தான் நுண்பாசி பெருகுகிறது, தண்ணீர் பச்சை பிடிக்கிறது. பாசியைத் தின்ன சிற்றிறால் வகைகளும் நெத்திலி, மத்தி போன்றவையும் வருகின்றன. அவற்றைத் தின்னத் திமிங்கலம் வருகிறது.

ஓமன் கரையில் இருக்கும் கூனல் திமிங்கலங்களைப் பற்றிப் படித்தபோது இதன் முழு அர்த்தமும் எனக்குப் பிடிபட்டது. உலகத்தில் மற்ற கூனல் திமிங்கலங்கள் எல்லாம் கோடையில் துருவப் பக்கம் போய்ச் சாப்பிட்டு, குளிர்காலத்தில் வெப்பமண்டலக் கடலுக்கு வந்து குட்டி போடும். அரபிக்கடல் கூட்டம் மட்டும் துருவத்துக்கே போவதில்லை. பருவக்காற்று எழுப்பித் தரும் குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் அவற்றுக்கு வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. மரபணுவைச் சோதித்தவர்கள், இவை சுமார் 70,000 ஆண்டுகளாக மற்ற கூட்டங்களோடு கலக்காமல் தனித்திருக்கின்றன என்கிறார்கள். 1965-66-இல் சோவியத் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் கள்ளத்தனமாக 242 கூனல் திமிங்கலங்களைக் கொன்றன. இன்று ஓமன் பக்கம் நூறுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் லுபான் என்று பெயரிட்ட ஒரு பெண் திமிங்கலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். 2017 கடைசியில் அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து கோவா பக்கம் வந்து, நம் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, அப்புறம் ஓமனுக்கே திரும்பியது. அந்தப் பாதையின் வரைபடத்தைப் பார்த்தால் வழி தவறிய பிராணி என்று யாருக்கும் தோன்றாது.

என் தொழிலுக்கு வருகிறேன். எங்களுக்கு மீன் பெரும்பாலும் பேப்பூரிலிருந்து நிலம்பூர், வழிக்கடவு, நாடுகாணி வழியாக மலையேறி வருகிறது. கேரளக் கரையிலும் மழைக்காலத்தில் இதே வேலைதான் நடக்கிறது. காற்று அங்கே கரையோரமாக வடமேற்கிலிருந்து தெற்காகச் சாய்ந்து வீசும். மேல்தண்ணீர் கரையை விட்டு மேற்கே விலகும். முதலில் கன்னியாகுமரி, கொல்லம் பக்கம் தொடங்கி, மெல்ல வடக்கே பரவும். அந்த வருடம் அடித்தண்ணீர் நன்றாக ஏறினால் மத்திக்கு வேண்டிய பாசி கிடைக்கும். கூடலூரில் ஏழை வீட்டுக் குழம்பு மத்தியை நம்பித்தான் இருக்கிறது. எஸ்டேட் லைன்களில் சம்பள நாளுக்கு முந்தின வாரம் வேறு மீன் விலை போகாது, மத்தி மட்டும் போகும். 2012-இல் கேரளத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடித்தார்கள். 2021-இல் அது வெறும் 3,297 டன். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன கணக்கு இது. அந்த வருடம் நான் வாடிக்கையாளர்களிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பதுக்கி வைத்து விலை ஏற்றுகிறேன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எல் நினோ (பசிபிக் கடல் சூடேறுவது), கடல் சூடு என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஏறாததற்கு அவர்கள் மேல் குற்றமில்லை. கடலில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை.

மத்தி, நெத்திலி போன்ற கூட்ட மீன்கள்தான் பிரைட்ஸ் திமிங்கலத்துக்கும் இரை. நம் கடலோரத்தில் அடிக்கடி கண்ணில் படுகிற, அடிக்கடி கரை ஒதுங்குகிற பெரிய திமிங்கலமும் அதுதான். என் பெட்டி காலியாக வரும் வருடம் அதற்கும் அந்த இடத்தில் இரை இல்லாத வருடம். எனக்கு வேறு துறைமுகத்துக்குப் போன் போட்டுக் கேட்க வழி இருக்கிறது. அது நீந்திப் போய்த் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலில் இரை இருந்தால் மட்டும் பெரிய திமிங்கலத்துக்குப் போதாது, ஒரே இடத்தில் அடர்த்தியாகத் திரண்டிருக்க வேண்டும். நீலத்திமிங்கலம் மூச்சை அடக்கி மூழ்கி, வேகமெடுத்து, வாயைப் பிளந்து, தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒரே வாயில் அள்ளி, பிறகு அதைச் சல்லடை போன்ற தகடுகள் வழியாக வெளியே தள்ளுகிறது. அதற்கு ஆகும் உழைப்பு மிகப் பெரியது. சிற்றிறால் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் ஒவ்வொரு வாய்க்கும் நஷ்டம்தான். அதனால் சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் முட்டிக்கொள்ளும் விளிம்பு, நீரோட்டம் சுழலும் இடம், கடலடித் தரை திடீரெனச் சரியும் இடம் எல்லாம் அதற்கு முக்கியம். சிறு உயிர்கள் அங்கேதான் ஒதுங்கித் திரள்கின்றன. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் இரை ஆழ்கடல் கணவாய். அது 1,000 மீட்டருக்கும் கீழே மூழ்கிப் போய் வேட்டையாடும் பிராணி. ஆகவே ஆழம் கிடைக்கும் செங்குத்துச் சரிவுகளை விட்டு அது ஆழமற்ற பாக் நீரிணைக்குள் வரக் காரணமே இல்லை. எந்தத் திமிங்கலம், எந்த இடம் என்று தெரிந்தாலே பாதிக் கதை விளங்கிவிடும். அதனால்தான் செய்தியில் வகையைச் சரியாகப் போடுங்கள் என்று கேட்கிறேன்.

எங்கள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்தில் அப்பா தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூருக்கு வந்து சேர்ந்தார். சித்தப்பா அங்கேயே தங்கிவிட்டார். அவர் மகன் தெனியாய பக்கத்தில் இருக்கிறான். அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, "அண்ணே, மீன் விக்கிற ஆளு திமிங்கலத்தப் பாக்காமப் போலாமா" என்று மிரிச துறைமுகத்துக்குக் கூட்டிப்போனான். விடியும் நேரத்தில் படகு புறப்பட்டது. இலங்கையின் தெற்கில் கரையோர ஆழமற்ற பகுதி மிகக் குறுகல், கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரின் நிறம் கருநீலமாக மாறிவிட்டது. தூரத்தில் திமிங்கலம் விட்ட மூச்சு, புகை எழுந்த மாதிரி. படகோட்டி எஞ்சினைத் தணித்தார். அப்புறம் எங்களுக்குப் பக்கவாட்டில் முதுகு தெரிந்தது. தெரிந்தது, தெரிந்துகொண்டே இருந்தது, முடியவில்லை. கடைசியில் வால் எழும்பி, தண்ணீர் சொட்ட ஒரு கணம் நின்று, இறங்கியது. மறுபக்கம் திரும்பினால் கன்டெய்னர் கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு பக்கத்தில்.

அந்தக் கடலைப் பற்றி இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் செய்த வேலை ஒவ்வொரு தமிழ் வாசகருக்கும் தெரிய வேண்டியது. 2003-இல் அவர் அங்கே ஆறு நீலத்திமிங்கலங்கள் கூடியிருந்த இடத்தில், கடலில் மிதந்த சிவந்த சாணத்தைக் கண்டார். நீலத்திமிங்கலம் குளிர்ந்த கடலில்தான் தின்னும், சூடான கடலுக்கு வருவது இனப்பெருக்கத்துக்கு மட்டும் என்பதுதான் அதுவரை பாடம். சாணம் இருக்கிறது என்றால் இங்கேயே தின்கிறது என்று அர்த்தம். பிறகு செய்த ஆய்வுகளில், துருவத்துத் திமிங்கலங்கள் தின்னும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரை அல்லாமல், ஒரு வகைச் சின்ன இறாலையே அவை அதிகம் தின்பது தெரிந்தது. பருவக்காற்று மாறும்போது நீரோட்டமே திசை திரும்பும் கடல் அது. தென்மேற்குக் காலத்தில் அரபிக்கடல் பக்கத்திலிருந்து கிழக்கே, வடகிழக்குக் காலத்தில் வங்கக் கடலிலிருந்து மேற்கே. இலங்கையின் தென்முனை அந்த இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது. திருகோணமலையில் ஆழப் பள்ளத்தாக்கு ஏறக்குறைய துறைமுக வாசல் வரை வருகிறது. வட இந்தியப் பெருங்கடல் நீலத்திமிங்கலங்களில் ஒரு பகுதி தென்மேற்குக் காலத்தில் சோமாலியா, அரபுக் கரைகளுக்குப் போய் மேய்ந்து, மற்ற மாதங்களில் மாலத்தீவு, இலங்கை, வங்கக் கடல் என்று வருவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சில இலங்கையைச் சுற்றியே ஆண்டு முழுக்க இருக்கின்றன. கப்பல் தடம் அவற்றின் மேய்ச்சல் இடத்தின் மேலேயே போவதால் மோதிச் சாகின்றன. தடத்தைக் கொஞ்சம் தெற்கே தள்ளுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். 2022-இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்ற எல்லா நிறுவனங்களும் செய்ய வேண்டும்.

கடல் மாறினால் திமிங்கலம் இடம் மாறும். மனிதன் அதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அட்லாண்டிக்கில் நடந்ததைப் பார்க்கலாம். அமெரிக்கா, கனடாவின் கிழக்குக் கரையில் ரைட் திமிங்கலம் என்று ஒரு வகை, சில நூறுதான் மிச்சம். மெய்ன் வளைகுடாவில் அவை மேயும் இடங்களில் கப்பல் வேகத்துக்கும் வலைக் கயிற்றுக்கும் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். 2010-க்குப் பிறகு அந்தக் கடல் வேகமாகச் சூடானது, அவற்றின் இரையான நுண்ணிய உயிர் குறைந்தது. திமிங்கலங்கள் வடக்கே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போய்விட்டன. அங்கே கட்டுப்பாடு இல்லை. 2017-இல் மட்டும் 17 செத்தன, அதில் 12 கனடாவில். பலவும் கப்பல் மோதியும் கயிற்றில் சிக்கியும் செத்தவை. பிறகுதான் கனடா கப்பல்களின் வேகத்தைக் குறைத்தது. கலிபோர்னியாவிலும் 2014 முதல் 2016 வரை கடல் சூடேறி, குளிர்ந்த தண்ணீர் கரையோரமாக ஒடுங்கிப்போனது. கூனல் திமிங்கலங்கள் இரையைத் தேடிக் கரைப்பக்கம் வந்து, நண்டுக் கூடுகளின் கயிற்றில் முன்னெப்போதையும் விட அதிகமாகச் சிக்கின.

நம் பக்கம் அப்படி நடக்காது என்று இருந்துவிட முடியாது. மேற்கு இந்தியப் பெருங்கடலின் கோடைக்கால மேல்தண்ணீர் 1901-இலிருந்து 2012-க்குள் சுமார் 1.2 டிகிரி சூடாகிவிட்டதாகப் புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். அறுபது ஆண்டுகளில் அங்கே நுண்பாசி 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாகவும் சொல்கிறார்கள். மேல்தண்ணீர் எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவு கெட்டியாக அது அடித்தண்ணீரை மூடி வைக்கும். காற்றுக்குத் தூக்குவது கஷ்டம். மத்திக்கும் திமிங்கலத்துக்கும் அதுதான் பிரச்சினை.

கூட்டமாகக் கரை ஏறும் திமிங்கலங்களின் கதை வேறு, அதையும் இதோடு குழப்பக் கூடாது. 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஏறின. மீனவர்கள் கடலுக்குள் இழுத்து விட்டும் பல திரும்பி வந்தன. அதே பகுதியில் 1973 ஜனவரியில் 147 கரை ஏறியிருக்கின்றன. பைலட் திமிங்கலம் கூட்டத்தை விட்டுப் பிரியாது. ஒன்று ஆழமற்ற மணல் சரிவில் மாட்டினால் மற்றவை விட்டுப் போவதில்லை. தனியாக ஒதுங்கும் பெரிய திமிங்கலமோ பெரும்பாலும் கடலிலேயே செத்து, காற்றும் ஓட்டமும் தள்ளிக் கரைக்கு வருவது. அது எங்கே செத்தது, எதனால் செத்தது என்று கண்டுபிடிக்கவும் அந்த வாரத்துக் காற்றும் ஓட்டமும் தெரிந்தாக வேண்டும்.

சரி, இந்த விவரங்களுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்க வேண்டாம். ஹைதராபாத்தில் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ் என்பார்கள், 1999 முதல் இயங்குகிறது. செயற்கைக்கோள் எடுக்கும் கடல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து, மீன் எங்கே கிடைக்கும் வாய்ப்பு என்று மீனவர்களுக்குத் தமிழிலும் அறிவிக்கிறார்கள். 2022 நவம்பரில் ஏவிய ஓசன்சாட்-3 இதே வேலைக்குத்தான். எங்கள் பேப்பூர் தரகர் போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு நாளைக்கு என்ன வரும் என்று சொல்கிறார். தடைக்காலத்தில் அந்த மீன் அறிவிப்பு வராது, மழை மேகம் மூடினால் பச்சையம் தெரியாது. அந்த வாரம் 'மேகமூட்டம்' என்று ஒரு சொல் போட்டால் போதும், வாசகர்களுக்குப் புரியும்.

வாரம் ஒரு நாள் போதும். மாவட்ட மழை அளவுக்குக் கீழே, கன்னியாகுமரி, தூத்துக்குடி, நாகப்பட்டினம், கொச்சி என்று நான்கு இடம், நான்கு வெப்பம், போன ஆண்டு இதே வாரம் எவ்வளவு என்ற ஒப்பீடு. கரை ஒதுங்கிய செய்தி வரும்போது, என்ன வகை, உடம்பில் வலைக் கயிறோ வெட்டுக்காயமோ இருந்ததா, அந்த வாரம் காற்று எந்தத் திசை, கடல் எவ்வளவு சூடு என்று நான்கு வரி சேருங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் ராமநாதபுரம், தூத்துக்குடி நிருபர்கள் பொக்லைன் வருவதற்குள் அங்கே ஒரு போன் போட்டுக் கேட்டால் வகையைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மீன் வியாபாரி,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.